ஒரு நூல் ஏறிய கம்பி

கடைசல் பட்டறையில் அவரை எல்லோரும் 'இழுவை' என்றுதான் கூப்பிட்டார்கள். பேச்சை இழுப்பவர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அப்படியில்லை. அவர் அதிகம் பேச மாட்டார். பேசினால் அளந்து வெட்டுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் மடியில் கித்தாரைப் படுக்கப் போட்டுக் கம்பியை இழுப்பவர் என்பதால் வந்த பெயர் அது. அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மடிக் கித்தாரை விரலால் அழுத்தி வாசிப்பதில்லை. இடது கையில் ஓர் எஃகு உருளையைப் பிடித்துக் கம்பிகளின் மேல் வைத்து நகர்த்த வேண்டும். ஸ்வரம் வழுக்கிக்கொண்டே போகும். அவருடைய உருளையை அவரே தன் லேத்தில் கடைந்தார். மூன்று வாரம் சாப்பாட்டு இடைவேளை முழுக்க அதற்கே போயிற்று. முகம் பார்க்கிற அளவுக்கு மெருகேற்றி வைத்திருந்தார்.

உருளையை நகர்த்துவது பெரிய வித்தை இல்லை. எங்கே வைக்க வேண்டும் என்று கித்தாரிலேயே கோடு போட்டிருக்கும். ஆனால் உருளை நகர்ந்தால் எல்லாக் கம்பிகளும் சேர்ந்துதான் ஏறும், சேர்ந்துதான் இறங்கும். ஒன்றை மட்டும் ஏற்ற வேண்டுமென்றால், உருளைக்குப் பின்னால், கித்தாரின் தலைப்பக்கம் மிச்சமிருக்கிற கம்பியை மோதிர விரலால் கொக்கி போட்டு உள்ளங்கைக்குள் இழுக்க வேண்டும். அதே கைதான் உருளையையும் ஆடாமல் பிடித்திருக்க வேண்டும். கூட ஒலிக்கிற மற்ற கம்பிகள் நின்ற இடத்தில் நிற்க, ஒன்று மட்டும் மெல்ல மேலேறும். கேட்கிறவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். எவ்வளவு இழுப்பது என்பதற்குக் கோடு கிடையாது. காது சொல்ல வேண்டும், விரல் நிற்க வேண்டும். ஒரு நூல் கூடினால் போயிற்று. விரல் கொப்பளித்து, தோல் உரிந்து, காய்த்துப் போய், இரண்டு வருஷத்தில் அது அவருக்கு வசமானது.

அவர் வாசித்த குழுவில் ஆறு பேர். கீபோர்டு வாசிக்கிற மாஸ்டர்தான் தலைவர். மற்ற நாட்களில் காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. கம்பெனி ஆண்டு விழா, ஹோட்டல் புல்வெளி, வரவேற்பு என்று மாதத்தில் மூன்று நான்கு நிகழ்ச்சி. ஒத்திகை ஒரு கம்ப்யூட்டர் சென்டரின் மாடியில், ஞாயிறு காலை. பாடுகிறவள் சலவைக் கடையில் வேலை பார்ப்பவள். நாற்பது வயது இருக்கும். நாள் முழுக்க இஸ்திரி ஆவியில் நின்றும் குரல் கெடாமல் வைத்திருந்தாள். இழுவையை 'அண்ணே' என்பாள். அவரும் 'தங்கச்சி' என்றுதான் கூப்பிடுவார். பதினோரு வருஷம் அப்படியே போயிற்று.

பிறகுதான் அவருக்கு அவள் சுருதி இறங்குவதாகக் கேட்க ஆரம்பித்தது.

முதலில் சாடையாகச் சொன்னார். "தங்கச்சி, தண்ணி குடிச்சிட்டு வாம்மா." அப்புறம் நேராகவே சொன்னார். "மேல போறப்ப எட்ட மாட்டேங்குது. சாதகம் பண்றியா இல்லையா?" அவள் வீட்டில் காலையும் மாலையும் பாடிப் பார்த்தாள். அவருக்கு அப்போதும் இறங்கித்தான் கேட்டது. ஒருநாள் கீபோர்டைப் பார்த்து, "மாஸ்டர், உங்க பொட்டியும் மேல் கட்டையில கொஞ்சம் இறங்கியிருக்கு, பாருங்க" என்றார். கீபோர்டு எங்கேயாவது சுருதி இறங்குமா? நகைச்சுவை என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டார்.

அந்த ஒத்திகையில்தான் அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. அந்த இழுப்பு எடத்துல நீங்க கொஞ்சம் ஏத்தி இழுக்கறீங்களோ?"

அவர் உருளையைக் கீழே வைத்தார்.

"இருபத்திரண்டு வருஷமா இழுக்கறேன். உன் தொண்டைக்கு ஏத்த மாதிரி என் விரலைக் குட்டையாக்கிக்கணுமா? துணியில சுருக்கம் எடுக்கற மாதிரி இல்லம்மா இது. இதுக்குக் காது வேணும்."

அவள் பாட்டுக் காகிதத்தை மடித்து மடித்துத் தபால் தலை அளவுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அடுத்த வாரம் ஒரு தொழிற்சாலை விழா. முந்நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவள் உச்சத்தில் நின்று பாடும்போது அவர் வாசிப்பதை நிறுத்தினார். இரண்டு கையையும் கித்தார் மேல் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். முன்வரிசைக்குப் புரிந்துவிட்டது, இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் பாட்டை முடித்துவிட்டுத்தான் இறங்கினாள். மறுநாள் அவர் மாஸ்டரிடம், "அவளா, நானா, பார்த்துக்குங்க" என்றார். மடிக் கித்தார் வாசிக்க வேறு ஆள் கிடைப்பது கஷ்டம். மாஸ்டர் அவளுக்குப் போன் செய்தார். அவள் எதுவும் கேட்கவில்லையாம். "சரிங்க மாஸ்டர்" என்று மட்டும் சொன்னாளாம்.

அவளுடைய இடத்துக்கு ஒரு கல்லூரி ஆசிரியை வந்தாள். அவளும் மேலே போகும்போது இறங்குவதாகத்தான் அவருக்குப் பட்டது. "புதுசு, போகப் போகச் சரியாயிடும்" என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

எட்டு மாதம் கழித்து அவருக்கு இடது காதில் சீழ் பிடித்தது. மருந்து விட்டுப் பஞ்சு அடைத்துக்கொண்டு, சனிக்கிழமை பகலில் கூடத்தில் உட்கார்ந்து வாசித்தார். மனைவி பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் வழக்கம்போல இழுத்தார். ஸ்வரம் எகிறிக்கொண்டு போய் நின்றது. விரல் வழுக்கிவிட்டது என்று மறுபடி இழுத்தார். மறுபடி எகிறியது. கம்பி பழசு என்று புதுக் கம்பி மாட்டினார். அப்போதும் அதே கதைதான்.

கித்தாரின் தலையில் சுருதி பார்க்கிற சின்னக் கருவி ஒன்று செருகியிருக்கும். வெறும் கம்பியைச் சேர்ப்பதற்கு மட்டும்தான் அதைப் பார்ப்பார். இப்போது இழுத்துக்கொண்டே பார்த்தார். முள் நடுக்கோட்டைத் தாண்டி வலது பக்கம், ஏற்றத்தின் பக்கம், போய் நின்றது. பஞ்சை எடுத்துவிட்டு இழுத்தார். காதுக்குச் சுகமாக, சரியாகக் கேட்டது. முள் அதே இடத்தில்தான் நின்றது. பஞ்சை வைத்தார், எடுத்தார், வைத்தார்.

"என்னங்க, காதோட விளையாடிட்டிருக்கீங்க?" என்றாள் மனைவி.

அவர் கித்தாரை மடியிலிருந்து இறக்கி வைத்தார். அந்தக் கூடத்தில் அவளைத் தவிர யாரும் இல்லை. இருந்தும் முந்நூறு பேர் தன்னைத் திரும்பிப் பார்ப்பது போல இருந்தது.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு காது டாக்டரிடம் போனார். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்துச் சோதனை செய்தார்கள். டாக்டரம்மா காகிதத்தில் இருந்த கோட்டைக் காட்டினாள்.

"பட்டறையில உங்களுக்கு இடது பக்கம் என்ன இருக்கு?"

"தகடு அடிக்கற பிரஸ்ஸு."

"எத்தனை வருஷமா?"

"இருபத்தாறு."

"அந்தச் சத்தத்துலதான் இந்தக் காது அடிபட்டிருக்கு. கீழ் ஸ்வரமெல்லாம் உங்களுக்குச் சரியாத்தான் கேக்கும். மேல போகப் போக இந்தக் காதுல கொஞ்சம் இறங்கிக் கேக்கும். இதைச் சரி பண்ண முடியாதுங்க. மிச்சத்தைக் காப்பாத்திக்கலாம்."

அவருக்கு எல்லாம் விளங்கியது. இழுத்த ஸ்வரம் இறங்கிக் கேட்டதால்தான் இன்னும் கொஞ்சம் இழுத்திருக்கிறார். அவள் சரியான இடத்தில் பாடியபோது, அது அவருக்குப் பள்ளமாகத் தெரிந்திருக்கிறது. உருளையைக் கோடு பார்த்து வைத்ததால் மற்றதெல்லாம் தப்பித்தது. காது ஒன்றையே நம்பி அவர் செய்த காரியம்தான் காலை வாரியது.

அங்கிருந்து நேராக மைக் செட்காரர் கடைக்குப் போனார். நிகழ்ச்சிகளை எல்லாம் பதிவு செய்து வைக்கிற ஆள் அவர்தான். தொழிற்சாலை விழாவின் பதிவைக் கேட்டார். மைக் செட்காரர் தலையைச் சொறிந்தார்.

"எதுக்குண்ணே பழசையெல்லாம்?"

"போடுங்க."

ஹெட்ஃபோனை வலது காதில் மட்டும் வைத்துக் கேட்டார். அவள் குரல் நூல் பிடித்தது போல நேராக இருந்தது. அதற்கு மேலே, ஒட்டாமல், அருவருப்பாக அவருடைய கம்பி. அது சட்டென்று நின்றது. அவர் அவளை முறைத்துப் பார்த்த இடம். அவள் துணையில்லாமல் பாடிப் பாட்டை முடித்தாள். அடுத்து, சமீபத்திய நிகழ்ச்சிகளைப் போடச் சொன்னார். அவற்றில் இழுப்பு வருகிற இடங்களில் எல்லாம் கித்தாரே கேட்கவில்லை.

"இதுல நான் எங்கய்யா?"

"இழுப்பு வர்றப்ப உங்க சத்தத்தைக் கம்மி பண்ணிடுவேண்ணே. மாஸ்டர்தான் சொன்னாரு. நீங்க வருத்தப்படுவீங்கன்னு யாரும் வாயத் தொறக்கல."

கண்ணை மூடிக்கொண்டு, உருகி உருகி அவர் இழுத்ததெல்லாம் யார் காதிலும் விழாமல் போயிருக்கிறது. அதற்கு அவர் அவ்வளவாக வருத்தப்படவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தும் அவளை மட்டும் வெளியே போகவிட்டார்களே என்று நினைத்தார். உடனே, போகச் சொன்னது யார் என்ற நினைப்பு வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, "உங்க மேடைச் சட்டையெல்லாம் இப்பவும் அவகிட்டதான் போட்டு வாங்கறேன்" என்றாள். "ஒரு நாள்கூட உங்களப் பத்தி ஒரு வார்த்தை சொன்னதில்ல. அண்ணன் நல்லா இருக்காரான்னுதான் கேப்பா."

அந்தச் சட்டைகளைப் போட்டுக்கொண்டுதான் எட்டு மாதமும் மேடையேறியிருக்கிறார்.

சலவைக் கடைப் பக்கம் மூன்று தடவை போய்த் திரும்பினார். ஒரு தடவை கூட்டம் இருந்தது. ஒரு தடவை அவள் தனியாக நின்றாள், அதுதான் இன்னும் பயமாக இருந்தது. எதிர்ச் சாரியில் பேருந்துக்கு நிற்பவரைப் போல நின்று, வராத பேருந்தை எதிர்பார்த்து, வந்த பேருந்தில் ஏறிப் போய்விட்டார். நான்காவது தடவை உள்ளே போனார். அவள் ஒரு சட்டையின் காலரை நீவிக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணே" என்றாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"தங்கச்சி... உன் மேல தப்பில்லம்மா. என் காதுதான் போச்சு. டாக்டர்கிட்ட காட்டிட்டேன். நான்தான் ஏத்தி இழுத்திருக்கேன்."

"தெரியும்ணே."

"அப்பவே தெரியுமா?"

"அதான் அன்னிக்கே கேட்டேனே."

அவர் கடையின் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "துணி, சுருக்கம்னு என்னென்னமோ பேசிட்டேன். மன்னிச்சிடும்மா."

அவள் சட்டையை மடித்து அட்டைக்குள் செருகினாள். பிறகு, குரலை உயர்த்தாமலே கேட்டாள்.

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. இன்னிக்குத் தனியா வந்து சொல்றீங்களேண்ணே?"

துணி வாங்க ஒருவர் வரவே, அவள் சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிறு ஒத்திகையில், கம்பி சேர்த்து முடித்ததும் அவர் எழுந்து நின்றார். நின்று பேசிப் பழக்கமில்லை. டாக்டர் கொடுத்த காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "தப்பா வாசிச்சது நான். பழி போட்டது அந்தப் பொண்ணு மேல. மேடையில வெச்சு அவள அவமானப்படுத்தினேன். அதுக்கு எந்த நியாயமும் இல்ல" என்றார். தாளக்காரர் எழுந்து தோளைப் பிடித்தார். "வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே, விடுங்க" என்றார் மாஸ்டர். "காது பிரஸ் சத்தத்தால போச்சு மாஸ்டர். வாயி எதால போச்சு?" என்றார் இவர். மாஸ்டர் கீபோர்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். "நானும்தான் தெரிஞ்சே போன் பண்ணேன்" என்று முணுமுணுத்தார்.

அந்தக் கல்லூரி ஆசிரியைதான் வழி சொன்னாள். "அவங்களைக் கூப்பிடுங்க. ரெண்டு பேரும் சேர்ந்து பாடறோம்."

மாஸ்டரும் அவரும் போய்க் கூப்பிட்டார்கள். அவள் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிறு, தானாகவே படியேறி வந்தாள். வந்ததும் அதே பாட்டைத்தான் எடுத்தாள். இழுப்பு வருகிற இடத்தில் அவர் விரலை எடுத்துவிட்டு, உருளையைக் கோட்டிலேயே நிறுத்திவைத்தார். அவள் பாட்டை நிறுத்தினாள்.

"ஏண்ணே இழுக்கல?"

"வேணாம்மா."

"இழுங்க. ஏறினா கை காட்டறேன்."

மோதிர விரலைப் போட்டு இழுத்தார். அவள் உள்ளங்கையைக் கவிழ்த்து இறக்கச் சொன்னாள். கொஞ்சம் விட்டார். இன்னும் விடச் சொன்னாள். அவருக்கு அது பள்ளத்தில் விழுந்தது போலக் கேட்டது, தப்பு தப்பு என்று காது கத்தியது. அவள் தலையாட்டினாள். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

அப்படித்தான் இன்றுவரை வாசிக்கிறார். தன் காதுக்குத் தப்பாகப் படுகிற இடத்தில் விரலை நிறுத்துகிறார். நிகழ்ச்சி முடிந்ததும் சிலர் மேடைக்கு வந்து, அந்த இழுப்பு உயிரைத் தொட்டது என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். அவர் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. பெட்டியைப் பூட்டுகிற சாக்கில் குனிந்துகொள்கிறார்.