அடுப்படிச் சுவருக்கு அந்தப் பக்கம்

எங்கள் வீட்டு வரைபடத்தை நான்தான் போட்டேன். சிவில் டிப்ளமோ முடித்தும் கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகாதவளுக்கு அது ஒரு பரீட்சை மாதிரி இருந்தது. பாலவனத்தம் பக்கத்துக் கிராமம். மாமனார், கணவர், நான், நான்கு வயது மகள். மழை நாளொன்றில் கொல்லையிலிருந்த கழிப்பறைக்குப் போகும்போது மாமனார் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்ட பிறகுதான் பழைய வீட்டை இடித்துக் கட்டத் துணிந்தோம்.

அவருக்காக என்னென்னவோ யோசித்தேன். படிக்குப் பதில் சரிவு, தடுக்காத வாசல்கள், பிடித்து எழுந்திருக்கக் கம்பி. கழிப்பறையை அவர் அறையோடு சேர்த்து, அடுப்படிச் சுவரை ஒட்டி வைத்தேன். பகலில் நான் அதிகம் நிற்பது அடுப்படியில். விழுந்தால் உடனே எனக்குக் கேட்டுவிடும்.

குடிவந்த இரண்டாம் மாதம், சித்திரை வெயிலில், அவருக்கு நீர்க்கடுப்பு, தலைசுற்றல் வேறு. அருப்புக்கோட்டைக்குக் கூட்டிப் போனோம்.

“தண்ணி நல்லாக் குடிக்கிறீங்களா?” என்றார் டாக்டர்.

மாமனார் தலையாட்டினார். என் மடியிலிருந்த மகள் முந்திக்கொண்டாள்.

“இல்ல. தாத்தா பகல்ல தண்ணி குடிக்காது. ஒண்ணுக்குப் போனா அம்மாவுக்குக் கேக்கும்ல.”

டாக்டர் குனிந்து மருந்துச் சீட்டு எழுதத் தொடங்கினார். மாமனார் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டில் மாமனார் என்னிடம் நேராகப் பேசியதில்லை. எதுவானாலும் “உங்க அம்மாட்ட சொல்லு” என்று பேத்தி வழியாகத்தான் வரும். அவள் பேசத் தொடங்கும் முன்பு என் கணவர் வழியாக வந்தது. இதையெல்லாம் தெரிந்தே வைத்திருந்தும் எனக்கு உறைக்கவில்லை. மகள் எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனாள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறவள், அவரையும் அதே கணக்கில் சேர்த்து வரைந்திருக்கிறேன். விழுந்தால் கேட்கும் சுவரில் மற்றதும் கேட்கும் என்று எனக்குத் தோன்றாமல் போனது எப்படி?

கொத்தனார் வந்து பார்த்தார். “பால் காச்சின சட்டியே இன்னும் காயல. அதுக்குள்ள கடப்பாரையத் தூக்கச் சொல்லுதியே தாயி.”

“நான் வரஞ்சதுதாண்ணே தப்பு.”

“கட்டுறப்பவே நெனச்சேன். படிச்ச பிள்ளைல்ல, இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

கழிப்பறையை அவர் அறைக்கு மறுபுறம், வேப்பமரத்துப் பக்கம் மாற்றினோம். அறையிலிருந்து ஒரு கதவு, வெளியிலிருந்து ஒரு கதவு. அடுப்படியிலிருந்து காதைத் தீட்டினாலும் ஒன்றும் கேட்காது. இப்போது அதுவே எனக்குப் பயமாகிவிட்டது. விழுந்தால்? மணி வைக்கலாமா, தாழ்ப்பாளை எடுத்துவிடலாமா என்று கணவரைப் படுத்தி எடுத்தேன். அது மாமனார் காதுக்குப் போயிருக்க வேண்டும். முற்றத்தில் உட்கார்ந்து பேத்தியிடம் சொன்னார்:

“உங்க அம்மாட்ட சொல்லு. போறப்ப வெளிக்கதவுல துண்டப் போட்டுட்டுப் போறேன். ரொம்ப நேரம் கெடந்தா கூப்பிடட்டும்.”

“ரொம்ப நேரம்னா எவ்வளவுன்னு கேளு” என்றேன் நான், மகளிடம்.

“சோறு வெந்து வடிக்கிற நேரம்.”

“எந்த அரிசின்னு கேளு.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேல் வேட்டியைச் சரிசெய்வதுபோல் திரும்பிக்கொண்டார்.

போன வாரம் சோறு வடித்து, குழம்பும் இறக்கியாயிற்று. துண்டு அப்படியே கிடந்தது. ஓடினேன். கதவைத் தட்டி, “மாமா, மாமா” என்று கத்தினேன். வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம், பக்கத்துப் புஞ்சைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார்.

“துண்ட எடுக்க மறந்துட்டேன்த்தா” என்றார்.

பேத்தி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். இடையில் யாரும் இல்லை. அவரே மறுபடி சொன்னார்:

“நாக்கு வறண்டுபோச்சு. ஒரு சொம்பு தண்ணி கொண்டா.”

கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றால் குடிக்கக் கூச்சப்படுவாரோ என்று உள்ளே வந்துவிட்டேன். வந்த பிறகு, நின்றிருக்கலாமோ என்று தோன்றியது.