திங்கட்கிழமைக்கென்று வைத்த பை

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, ஐந்து மாதங்கள் அப்பாதான் எனக்குத் தலை பின்னிவிட்டார். புகையிலைச் சிப்பம் கட்டிப் பழகிய கை அது. இரண்டு பின்னலும் இரண்டு உயரத்தில் நிற்கும். பள்ளிக்கூட வாசலை அடையுமுன்னே றிபன் அவிழ்ந்துவிடும். ஓரெட்டுத் தள்ளி நின்று பார்த்து, "வடிவாத்தானே இருக்கு" என்பார். அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஆகவே அவருக்குக் கண்தான் சரியில்லை என்று நான் முடிவு செய்திருந்தேன்.

அம்மா என் தலையைக் கைவிட்டதற்குக் காரணம் சித்தி, அம்மாவின் தங்கை. சரவணையிலிருந்த எங்கள் வீட்டில் தங்கி, நாரந்தனையில் ஒரு முன்பள்ளிக்குச் சைக்கிளில் போய்ப் படிப்பித்துக்கொண்டிருந்தவர். குடலில் வருத்தம் வந்து யாழ்ப்பாணத்தில் சத்திரசிகிச்சை செய்தார்கள். சிறுகுடலின் நுனியை வயிற்றின் வலப்பக்கத்தால் வெளியே எடுத்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். சாப்பிடுவதெல்லாம் தண்ணீராக அந்தப் பைக்குள் வரும். உள்ளே ஆறியதும் குடலைத் திரும்பப் பொருத்தித் தைப்பார்களாம். இதெல்லாம் நான் பிறகு அறிந்தது. அன்று எனக்குச் சொல்லப்பட்டது ஒன்றுதான்: "சித்திக்கு வயித்திலை புண். கிட்டப் போய் இடிச்சுப்போடாதை."

பை மாற்றுவதற்கு விடியற்காலைதான் தோதானது. தேநீர்கூடக் குடிக்காத வெறும் வயிற்றில் ஒன்றும் வராது. என் தலை பின்னும் நேரமும் அதுதான். அம்மா இளஞ்சூட்டுத் தண்ணீர், பழைய பருத்திச் சேலைத் துண்டுகள், கத்தரிக்கோல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சித்தியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவார். அப்பா சீப்பை எடுப்பார்.

அந்தக் கதவில் ஒரு பலகை வெடித்திருந்தது. அதனூடாகப் பார்ப்பேன். அம்மாவின் முதுகு மறைப்பதால் புண் தெரியாது. கடைசிப் பகுதி மட்டும் தெரியும். பையின் பசை உடம்புச் சூட்டில்தான் பிடிக்கும் என்பதால், ஒட்டி முடித்ததும் அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் இருக்க வேண்டும். அம்மாவின் கை சும்மா இருந்து நான் கண்டதில்லை. எனக்குச் சோறு தரும்போதுகூட மற்றக் கை எதையாவது துடைத்துக்கொண்டிருக்கும். அந்தக் கை சித்தியின் வயிற்றில் ஒரு வேலையும் இல்லாமல் கிடந்தது. இருவரும் சின்ன வயதுக் கதைகளைச் சொல்லிச் சிரித்தார்கள்.

"பகிடி விடாதேங்கோ அக்கா, கழண்டுபோம்."

"கழண்டால் திரும்ப ஒட்டுவம். எனக்கென்ன வேறை வேலையே."

வேறு வேலை கதவுக்கு வெளியே, பின்னல் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக நின்றுகொண்டிருந்தது.

பை அடிக்கடி கசிந்தது. கசிந்தது பட்ட இடமெல்லாம் தோல் வெந்ததுபோலச் சிவந்தது. புண்ணான தோலில் பசை பிடிக்காது. பிடிக்காவிட்டால் இன்னும் கசியும். சில நாட்களில் ஒரு பகலுக்குள் இரண்டு தரம் கொடியில் படுக்கை விரிப்புக் காய்ந்தது. "எரியுதக்கா" என்று சித்தியின் குரல் கேட்கும். உடனே அம்மா ஓலை விசிறியால் விசுக்கும் சத்தம். அந்த எரிவுகூட எனக்கும் வர வேண்டும் என்று விரும்பினேன். ஒருநாள் முழங்கால் உரஞ்சுப்பட்டு அழுதுகொண்டு வந்தபோது, மூடிய கதவுக்குள்ளிருந்து அம்மா, "அப்பாட்டைக் காட்டு பிள்ளை" என்றார். அப்பா அதன்மேல் ஊதிவிட்டு, "வடிவாத்தானே இருக்கு" என்றார்.

இப்போது என் பிள்ளைகளில் இளையவனுக்கு நப்கின் பட்டுத் தொடையிடுக்குச் சிவந்திருக்கிறது. துடைத்துக் காற்றுப் பட விடும்போது மூத்தவள் கதவடியில் வந்து நிற்கிறாள். கதவைச் சாத்துவதா, திறந்து வைப்பதா என்று ஒவ்வொரு முறையும் யோசிக்கிறேன். திறந்து வைக்கிறேன், பிறகு அது சரிதானா என்று யோசிக்கிறேன். அன்று எனக்கு எல்லாவற்றையும் விளங்கப்படுத்தியிருந்தால் நான் பொறாமைப்படாமல் இருந்திருப்பேனா? பட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஐந்தாம் மாதத்தில் பைகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. கிளினிக்கில் தருவது கசிவுக்குப் போதாது. கனடாவிலிருந்து மாமா அனுப்பிய பார்சல் வந்து சேரவில்லை. அதே நேரம் முன்பள்ளியிலிருந்தும் ஆள் வந்தது. வருகிற திங்கட்கிழமை சித்தி வராவிட்டால் படிப்பிக்க வேறொரு பெண்ணை எடுப்பார்களாம். சித்தி அன்று முழுவதும் அறைக்குள் நடந்து பழகினார். அம்மா மிச்சமிருந்த ஒரேயொரு புதுப் பையைப் பெட்டியோடு அலுமாரியில் வைத்தார்.

"இது திங்கக்கிழமைக்கெண்டு வைச்சது. ஒருத்தரும் தொடக்கூடாது."

எங்கள் வீட்டில் ஒருத்தரும் என்றால் இரண்டு பேர். அப்பாவுக்கு அலுமாரியில் தான் உடுக்கும் சாரமே அகப்படாது.

ஞாயிறு பின்னேரம் அம்மா ஒரு செத்தவீட்டுக்குப் போயிருந்தார். அப்பா தோட்டத்தில். சித்தி நித்திரை. நான் பையை எடுத்தேன். தோல் நிறத்தில் மெல்லிதாக, கோப்பித் தட்டளவு வட்டமான ஒட்டுப் பகுதியோடு இருந்தது. காகிதத்தை உரித்துவிட்டு, சட்டையைத் தூக்கி என் வயிற்றின் வலப்பக்கத்தில் ஒட்டினேன். பாயில் படுத்து, அதன்மேல் என் உள்ளங்கையை வைத்துக்கொண்டேன். அம்மா வந்து பார்ப்பார், எனக்கும் ஒன்று வந்துவிட்டது என்று தெரிந்து கதவைச் சாத்துவார், இந்த முறை நான் உள்ளே இருப்பேன். என் திட்டம் அவ்வளவுதான்.

ஆனால் என் கை சிறியது. பாதி வட்டத்தைக்கூட அது மூடவில்லை. அம்மா வரத் தாமதமாகத் தாமதமாகப் பயம் வந்தது. ஒரு கரையைப் பிடித்து இழுத்தேன். தோலும் சேர்ந்து வந்தது. கத்தினேன்.

சித்தி எழும்பி வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, என்னைப் பார்க்காமல் பையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "இழுக்காதை" என்றார்.

வெந்நீரில் துணியை நனைத்து வந்து பக்கத்தில் இருந்தார். குனிய ஏலாமல் ஒரு கையால் தன் வயிற்றைப் பிடித்திருந்தார். கரையை நனைத்து, தோலை விரலால் கீழே அமத்தி, எப்பன் எப்பனாகப் பையை விடுவித்தார். அம்மாவின் கையைவிட மெதுவான கை. அது எனக்கு அப்போது பிடிக்கவில்லை.

"எரியுதோ?"

"ஓம்."

"எனக்கும் உப்பிடித்தான் எரியிறது."

"உங்களுக்கு அம்மா இருக்கிறா" என்றேன்.

சித்தி துணியைப் பிழிந்தார். "ஓமடி. கொம்மாவை உன்னட்டைத் திருப்பித் தரத்தானே நானும் கெதியா எழும்பப் பாக்கிறன்."

பையைத் துடைத்து, காற்றில் உலரவிட்டு, உரித்த காகிதத்தை அதன்மேல் திரும்பப் படிய வைத்துப் பெட்டிக்குள் போட்டார். "அம்மாட்டைச் சொல்லாதை" என்றார். சித்திக்கு அம்மாவில் பயம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை கதவுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் உயர்ந்தது.

"இது ஆர் பிரிச்சது?"

"நான்தான் அக்கா. தனியப் போட்டுப் பழகுவம் எண்டு பாத்தனான்."

"விசரே உனக்கு? இருந்ததே ஒண்டு. இனி இது பிடிக்குமே?"

ஐந்து மாதத்தில் அம்மா சித்தியை ஏசியது அன்றைக்குத்தான். எனக்குத் தேன் குடித்ததுபோல இருந்தது. அப்பாவின் பின்னல்கூட அன்று நோகவில்லை.

வெடிப்பினூடாகப் பார்த்தேன். நாலு பக்கமும் பிளாஸ்ரர் ஒட்டி, அம்மா உள்ளங்கையை வைத்திருந்தார். ஐந்து நிமிடம் கடந்தும் எடுக்கவில்லை. இருவரும் சிரிக்கவும் இல்லை. சித்தி இளநீலச் சேலை உடுத்தி, அப்பாவின் மோட்டார் சைக்கிளில் பக்கவாட்டாக ஏறி, கையை வயிற்றில் வைத்தபடி போனார். எனக்குக் கை காட்டினார். நான் றிபனைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அந்த நீலச் சேலை கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. சித்தியின் கதவு உள்ளே பூட்டியிருந்தது. பிள்ளைகளை வட்டமாக இருத்திப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்போது, மடியோடு ஒட்டியிருந்த ஒரு பிள்ளை, "ரீச்சர், உங்கடை சீலை ஈரம்" என்றதாம். அப்பா இதைக் குசினி வாசலில் நின்று அம்மாவுக்கு மெதுவாகச் சொன்னார். அடுத்த கிழமை அந்த வேலைக்கு வேறொருவர் வந்துவிட்டார். சித்திக்குக் குடலைத் திரும்பப் பொருத்த இன்னும் நாலு மாதம் இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை பின்னேரமே அம்மா என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவர் கையால் எனக்குக் குளிப்பு. நான் துள்ளிக்கொண்டு போனேன். அவர் சட்டையைக் கழற்றினார்.

என் வயிற்றின் வலப்பக்கத்தில் சிவப்பாக ஒரு வட்டம். நான் இழுத்த கரையில் தோல் உரிந்து பொருக்குக் கட்டியிருந்தது.

தூக்கிய வாளி அப்படியே நின்றது. "எப்ப இது?" என்றார். வாளியை வைத்துவிட்டுச் சித்தியின் மூடிய யன்னலைப் பார்த்தார். பிறகு ஈரச் சீமெந்தில் முழங்காலில் இருந்து, தன் உள்ளங்கையை அந்த வட்டத்தின்மேல் வைத்தார். வேறொன்றும் செய்யவில்லை.

ஐந்து நிமிடமாவது இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அம்மா எடுத்துவிடாமலிருக்க, அந்தக் கையின்மேல் என் இரண்டு கைகளையும் வைத்து, பசை நன்றாகப் பிடிக்கட்டும் என்று அழுத்திக்கொண்டேன்.