மூலையில் விரித்த நெல்லுச் சாக்கு

எங்கள் ராத்தாவை, அதாவது அக்காவைக் கலியாணம் முடித்து வந்த மச்சானை, எங்கள் ஊர் வொலிபோல் அணியைக் கவிழ்ப்பதற்காகப் பக்கத்து ஊர்ச் சம்மாந்துறைக்காரர்கள் அனுப்பிவைத்த உளவாளி என்று நான் நம்பினேன். அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. நம்பியதோடு சும்மா இருந்திருக்கலாம். அந்த நம்பிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மெட்ச்சும் விளையாடினேன். இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டேன். பெருநாளைக்குப் பெருநாள் வீட்டில் யாராவது அதைக் கிளறிச் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரிக்கிறேன், வேறென்ன செய்வது?

அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. வந்ததெல்லாம் கோபம். கோபத்துக்குக் காரணம் என் கட்டில்.

எங்கள் கல்முனைப் பக்கத்தில் கலியாணம் முடிந்தால் பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடும் பெண்ணுக்குத்தான். இது ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் என் அறை ராத்தாவின் அறையாகியிருந்தது. என் கட்டிலை இன்னொரு கட்டிலோடு சேர்த்துப் போட்டு, மேலே பூப்போட்ட விரிப்பு விரித்திருந்தார்கள். நான் உம்மா வாப்பாவோடு பின்பக்கத்துத் தகரக் கொட்டிலுக்குக் குடிபெயர்ந்தேன். கோழி ஆக்கினால் காலும் ஈரலும் மாப்பிள்ளைக்கு, எனக்குக் கழுத்து. வாப்பா கூட அவர் இருக்கும் பக்கம் பலமாக இருமுவதில்லை. நானோ வாளியை உதைத்தேன், கதவை அறைந்தேன், யாரும் என்னவென்று கேட்கவில்லை.

அந்த மச்சான் சம்மாந்துறையில் பேர்போன சேர்விஸ்காரர். அவர் பந்தைத் தூக்கினாலே எங்கள் ஊர்ப் பெரிய அணி எச்சில் விழுங்கும். கலியாணத்துக்குப் பிறகு இரண்டு பக்கமும் விளையாடாமல் நின்றுவிட்டார். அங்கே போனால் “கடற்கரையான்” என்றார்கள், இங்கே இறங்கினால் “வயல்காரன்” என்றார்கள். பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் முற்றத்தில் நின்று தென்னை மரத்தைப் பார்ப்பார். உம்மாவுக்குப் பாவமாகப் போய்விட்டது. என்னைப் பிடித்து அவரிடம் ஒப்படைத்தார்.

நான் ஊர்ச் சின்னப் பொடியன்மார் அணியில் இருந்தேன். அணியில் இருந்தேன் என்றால் பெஞ்சில் இருந்தேன். என் சேர்விஸ் ஒன்றில் வலைக்குள் விழும், அல்லது கடலுக்குள் விழும். நடுவே ஒரு மைதானம் கிடப்பது பந்துக்குத் தெரியாது. அந்தக் காலத்துச் சட்டப்படி சேர்விஸ் போடும் பக்கத்துக்குத்தான் புள்ளி. பிழை விட்டால் புள்ளியும் இல்லை, பந்தும் மற்றப் பக்கம் போய்விடும். எங்கள் பக்கத்து ஆட்டத்தில் யாரும் இடம் மாறுவதில்லை, அவரவர் இடத்திலேயே நிற்பார்கள். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் எங்கள் கடற்கரையில் சம்மாந்துறைப் பொடியன்மாரோடு இறுதிப் போட்டி. அதில் இறங்கி ஒரு புள்ளியாவது எடுத்தால், வீட்டில் போன மரியாதை ஊரிலாவது திரும்பி வரும் என்பது என் கணக்கு.

மச்சான் முதல் நாள் மணலில் என் இடது காலுக்கு முன்னால் ஒரு வட்டம் கீறினார்.

“மச்சான், அடிக்க வேணாம். தூக்கி மட்டும் போடுங்க. பந்து இந்த வட்டத்துக்குள்ள விழணும்.”

பெரிய ஆள் என்னை மச்சான் என்றும் நீங்க என்றும் கதைத்தது முதல் சந்தேகம். ஒரு கிழமை முழுக்க நான் பந்தைத் தூக்கிப் போட்டு, அது விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றது இரண்டாவது சந்தேகம். கரைவலை இழுக்க வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

“என்னடாம்பி, பந்து பழுத்து விழுதா?”

“பொறுங்க, இன்னும் ரெண்டு நாள்ல முட்டையும் விடும்!”

எனக்கு உச்சந்தலை கொதித்தது. அடுத்து, மணிக்கட்டை விறைப்பாக வைத்து உள்ளங்கையின் அடியால் அடிக்கச் சொன்னார். பிறகு தோணிவரைக்கும் ஓடிப்போய்க் கிறுகி வந்து, மூச்சு வாங்க வாங்க சேர்விஸ் போடச் சொன்னார். மெட்ச்சில் மூச்சு இப்படித்தான் இருக்குமாம். என்னைக் கொன்றுவிட்டுக் கட்டிலை நிரந்தரமாக எடுக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

கடைசியாகத்தான் சாக்கு வந்தது. அவருடைய வீட்டிலிருந்து எங்களுக்கு நெல் வந்த சாக்கு. அதை எதிர்ப்பக்கத்தில், எனக்கு நேர் முன்னால், கடைசிக் கோட்டை ஒட்டிய மூலையில் விரித்தார். பந்து அதில் மட்டும் விழவேண்டும். வேறெங்கு எவ்வளவு அழகாக விழுந்தாலும் தலையை ஆட்டுவார்.

“அது இல்ல. மறுகா போடுங்க.”

“ஏன் அந்த மூலைக்கு மட்டும்?” என்று கேட்டேன்.

அவர் கடலைப் பார்த்தார். “போடுங்களன் மச்சான்,” என்றார். அவ்வளவுதான். கேள்விக்குப் பதில் சொல்லாதவன் உளவாளி என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனாலும் போட்டேன். பத்துக்கு ஏழெட்டு சாக்கில் விழத் தொடங்கியது. கழக கெப்டன் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, சேர்விஸ் போடுவதற்கென்றே என்னை இறக்குவதாகச் சொல்லிப் போனான்.

மெட்ச் அன்று சம்மாந்துறைக்காரர்கள் ட்ரக்டர் பெட்டி நிறைய வந்து இறங்கினார்கள். மச்சான் எங்கள் ஆட்களோடும் நிற்கவில்லை, அவர்களோடும் நிற்கவில்லை. தூரத்தில் கவிழ்த்து வைத்த தோணியில் தனியே இருந்தார். கடைசி செட். இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் எங்களுக்கு. பந்து எங்கள் பக்கம். கெப்டன் என்னைக் கை காட்டி இறக்கினான்.

கோட்டுக்குப் பின்னால் போய் நின்று நிமிர்ந்து பார்த்தேன். சாக்குக் கிடந்த அதே மூலையில் மச்சானின் தம்பி நின்றான்! கலியாண வீட்டில் எனக்குப் பக்கத்தில் இருந்து வட்டிலப்பம் தின்றவன். சொந்தத் தம்பி.

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் வெளித்துவிட்டது, அல்லது வெளித்ததாக நினைத்தேன். நான் இத்தனை நாளும் பழகியது தம்பியின் கையில் பந்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு! ஏதாவது ஓதவேண்டுமென்று வாயில் வந்ததை ஓதினேன். பாதியில்தான் தெரிந்தது, அது சாப்பாட்டுக்கு முன்னால் ஓதுகிற துஆ. நடுவர் இரண்டாம் தடவை விசிலை ஊதினார். உள்ள கோபத்தையெல்லாம் உள்ளங்கைக்குக் கொண்டுவந்து, குறுக்கு மூலைக்கு அடித்தேன்.

என் வாழ்நாளில் நான் போட்ட மிகச் சிறந்த சேர்விஸ் அதுதான். வலையை மயிரிழையில் தாண்டிக் குறுக்கு மூலைக்கே போனது. அங்கே நின்றவன் அவர்களுடைய கெப்டன். பிள்ளையை வாங்குவது போல இரண்டு கையாலும் வாங்கினான். அடுத்த நொடி பந்து திரும்பி வந்து என் காலடியில் குழி பறித்தது. அதற்குப் பிறகு எங்களுக்கு சேர்விஸ் திரும்பவேயில்லை. ட்ரக்டர் ஹோனை அடித்து அடித்து மகிழ்ந்தார்கள்.

நான் தோணியடிக்கு ஓடினேன். ஊரே பார்க்கக் கத்தினேன்.

“உங்கட தம்பிட கையில பந்தக் குடுக்கத்தானே என்னப் பழக்கின! எனக்குத் தெரியும்!”

மச்சானின் முகம் கறுத்தது. அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நல்லது. அவர் எழும்பி வீட்டுக்கு நடந்தார். உம்மாதான் அகப்பையால் ஒன்று தந்தார்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு அந்தத் தம்பி எங்கள் வீட்டிலேயே சாப்பிட இருந்தான். உறவுக்காரனைச் சாப்பிடாமல் அனுப்ப முடியாதே. ஒரே சஹன் தட்டைச் சுற்றி மச்சான், அவன், நான். சோறு நடுவே, கோழி மேலே. வென்ற களிப்பில் அவனுக்கு வாய் மூடவில்லை.

“ஏன்டா நீ மூலைக்கு அடிக்கல்ல? ஒண்டு வந்திருந்தா எங்கட கத முடிஞ்சிரிக்கும். எனக்கு வாற சேர்விஸ எடுக்க ஏலா. அதுதான் எங்கட ஆக்கள் என்ன அந்த மூலைக்குள்ள ஒளிச்சி வெக்கிற. வல்லாஹி, நீ பந்தத் தூக்கக்குள்ள எனக்குக் காலெல்லாம் நடுக்கம்! கேட்டுப் பாரு, நானாக்குத் தெரியும்.”

அவனுடைய அண்ணன், என் மச்சான், சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை. கோழிக் காலை மட்டும் மெல்ல என் பக்கம் தள்ளிவிட்டார்.

இவன் வென்ற திமிரில் என்னைக் கேலி செய்கிறான் என்றுதான் எனக்குப் பட்டது. கழுத்து வரைக்கும் கோபத்தோடு கோழிக் காலைத் தின்றுவிட்டு, தகரக் கொட்டிலில் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்தேன்.

அந்த மூலையில் நிற்பவனுக்கு சேர்விஸ் எடுக்க ஏலாது என்பதை எங்கள் ஊரில் அறிந்திருந்தவர் ஒரேயொருவர். அவர் என் கட்டிலில் படுத்திருந்தார்.