எயார் ஃபில்டர் ஊதியவர்

வெள்ளவத்தையில் ஒரு கராஜ். என் மோட்டார் சைக்கிளின் எயார் ஃபில்டரைக் கழற்றிய தொழிலாளி, காற்றுக்குழாயால் அதை ஊதினார். கிளம்பிய தூசியெல்லாம் அவர் முகத்திலேயே படிந்தது. குழாயின் அந்தச் சீறல் என்னைக் கொட்டாஞ்சேனைக்கு இழுத்துச் சென்றது.

என் சிறுவயதில் அங்கே ஒரு கராஜில் என் அப்பா நாள் முழுவதும் ஃபில்டர் ஊதுவார். பாடசாலை விட்டதும் நான் பழைய டயர் ஒன்றில் அமர்ந்து பார்த்திருப்பேன். மாலையில் அவருடைய இமைமயிர்கூடச் சாம்பல் நிறமாகியிருக்கும். ஒருநாள் அவர் தயங்கியபடி கேட்டார்:

"மூக்கில கட்ட மாஸ்க் ஒண்டு வாங்கித் தாங்கோ, முதலாளி."

"எஞ்சினுக்குத்தான் ஃபில்டர். உனக்கும் ஒண்டு பூட்டவோ?"

கராஜே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். இன்றும் என்னால் மன்னிக்க முடியாதது, நானும் சிரித்ததுதான். சில ஆண்டுகளில் அவர் மூச்சுக்குத் தவித்தே இறந்தார்.

இப்போது நான் கத்தியிருக்கலாம். கத்தினால் இந்த மனிதரின் வேலை போய்விடும் என்று அஞ்சினேன். "அதை ஊத வேண்டாம். புதுசு பூட்டுங்கோ" என்று மட்டும் இந்தக் கராஜ் முதலாளியிடம் சொன்னேன்.

"உங்கட விருப்பம், சேர்."

புதியதை எடுத்து வைத்துவிட்டு, அடுத்த பைக்கின் ஃபில்டரை அந்தத் தொழிலாளியிடமே நீட்டினார் முதலாளி.

"இந்தா, இதை ஊது."