சாப்டியா என்று கேட்ட நாள்

மலை உச்சிகளில் நிற்கும் செல்போன் டவர்களைப் பழுதுபார்ப்பது அவர் வேலை. அதனால் எல்லாரும் அவரை ‘சிக்னல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஊரையே பேச வைக்கிற மனுஷன், வீட்டில் மட்டும் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருப்பார். மனைவி போன் செய்தால் ஒரே பதில், “இதோ வந்துட்டேன்.” அப்போது பெரும்பாலும் டவரின் பாதி உயரத்தில் தொங்கிக்கொண்டிருப்பார்.

அன்று மத்தியானம் வேலையை முடித்துவிட்டுப் பனி மூடிய சரிவில் இறங்கினார். குறுக்குவழியில் போகாதே என்று ஆபீஸில் தலைதலையாய் அடித்துக்கொண்டிருந்தார்கள். கேட்டால்தானே? காலடிப் பனி மொத்தமாகச் சரிந்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒரு பள்ளத்தில் கிடந்தார். வலது கால் பாறையிடுக்கில் வசமாக மாட்டிக்கொண்டது. இழுத்தார், முறுக்கினார், பாறையை வாய்க்கு வந்தபடி திட்டினார். அது அசைந்துகொடுக்கவில்லை. பொழுது சாய்ந்தால் விறைத்துப்போக வேண்டியதுதான்.

போனை எடுத்தார். அவரே சரிசெய்த டவர் தலைக்கு மேலே நிற்கிறது, சிக்னலுக்குக் குறைச்சலில்லை. சார்ஜ்தான் ஒரு சொட்டு மிச்சம். மற்றதை ஏறும்போதே பாட்டுக் கேட்டுத் தீர்த்தாயிற்று. ஆபீஸ் நம்பரைத் தேடுவதற்குள் போன் அடித்தது. மனைவி.

“எங்க இருக்கீங்க?”

“இதோ வந்துட்டேன்.”

பழக்கதோஷம், வாய் முந்திக்கொண்டது. மாட்டிக்கிட்டேன் என்று சொல்லப் போனார். அதற்குள், இனி இந்தக் குரலைக் கேட்போமோ மாட்டோமோ என்று இருந்தது.

“நீ சாப்டியா?” என்றார். போன் செத்துவிட்டது.

“அட மடையா!” என்று தன்னையே திட்டிக்கொண்டார். இருந்த ஒரே வாய்ப்பை இப்படியா கோட்டைவிடுவது? பயத்தில் அழுகை வந்தது. பார்க்க ஆளில்லாததால் தாராளமாகவே அழுதார். பிறகு, தூங்கினால் போச்சு என்று, தெரிந்த பாட்டையெல்லாம் தப்புத் தப்பாகப் பாடிக்கொண்டு கிடந்தார்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் மேலிருந்து ஒரு கயிறு விழுந்தது. பின்னாலேயே மைத்துனன் எட்டிப் பார்த்தான்.

“மாமா, உயிரோடதான் இருக்கீங்களா?”

அவனும் ஆபீஸ் ஆட்களும் கடப்பாரையால் பாறையை நெம்பிக் காலை எடுத்தார்கள்.

“அக்கா உங்க ஆபீஸுக்கே வந்து ஒரே ரகளை, மாமா. வந்துட்டேன்னு சொன்னாராமே, அப்புறம் என்னம்மான்னு இவங்க கேட்டாங்க. ‘அவர் வந்துட்டேன்னு சொன்னா இன்னும் கிளம்பலைன்னு அர்த்தம். அது கிடக்கட்டும். கல்யாணம் ஆனதுலேருந்து ஒரு நாள்கூட என்னைச் சாப்டியான்னு கேட்டதில்ல. இன்னிக்குக் கேக்கறாரு. மனுஷன் எங்கயோ சாகக் கிடக்கறாரு, ஓடுங்க!’ன்னு எல்லாரையும் விரட்டிட்டா.”

ஆட்கள் சிரித்தார்கள். சிக்னலுக்குச் சிரிப்பு வரவில்லை. நெஞ்சில் சுருக்கென்று தைத்தது.

அடிவாரத்தில் ஜீப்பருகே மனைவி நின்றிருந்தாள். கம்பளியைப் போர்த்திவிட்டாள், காலைத் தடவிப் பார்த்தாள், முதுகில் ஓர் அடியும் போட்டாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

“இனிமே தினமும் கேக்கறேன்,” என்றார் அவர், குரல் உடைந்து. “சாப்டியான்னு.”

“ஐயோ, வேண்டவே வேண்டாம்!” என்று பதறினாள் அவள். “அப்புறம் அடுத்த தடவை நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?”