கிட்டானிச்சிரு!

வீடு மாற்றும் லாரியில் சாமான் தூக்குகிற கிட்டானுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. அது அவன் பெண்டாட்டிக்கே யோசித்தால்தான் வரும். கிட்டான் என்ற பேரோ அவன் கையைவிட்டுப் போய், லாரிக்காரர்கள் பேச்சில் எப்போதோ ஒரு வார்த்தையாகிவிட்டது. பீரோவைச் சாய்த்து, ஒரு காலை மட்டும் முதலில் வாசலுக்குள் நுழைத்துத் திருப்பினால் கிட்டான் போடுவது. ஆடுகிற மேஜைக்கு அடியில் மடித்துச் செருகும் அட்டை ஒரு கிட்டான், இரண்டு செருகினால் இரண்டு கிட்டான். அடுத்தவன் வீட்டு சோபாவை இறக்கியதும், தாங்குகிறதா என்று பார்க்கிற சாக்கில் அதிலேயே சாய்ந்து கண்ணை மூடினால் கிட்டான் எடுப்பது. இதெல்லாம் பெருமைதான். இன்னொன்று இருக்கிறதே, அதுதான் வில்லங்கம். எதையாவது உடைத்துவிட்டு, உடைந்த பக்கத்தைச் சுவரோரம் திருப்பி வைத்து, பச்சைக் குழந்தை மாதிரி நிற்பதற்கும் அவன் பேர்தான், கிட்டானிப்பது.

அவன் மகளைப் பேசி முடித்திருந்த வீட்டார் வீடு மாறினார்கள். லாரி இவன் கம்பெனியுடையது. கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. இப்போது மானம் போனால் சம்பந்தமும் கூடவே போய்விடுமே.

"டேய், இன்னிக்கு ஒரு நாள் எம்பேரு உங்க வாயில வரக்கூடாது" என்று கூட்டாளிகளைக் கெஞ்சினான்.

"பேரச் சொல்லாம பீரோவ எப்பிடிண்ணே திருப்புறது?" என்றான் டிரைவர்.

பாதி நாள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார்கள். கண்ணாடி மேஜையை மாடிக்கு ஏற்றும்போது ஓரம் கைப்பிடியில் இடித்து, ஒரு சில்லு தெறித்தது. மேலேயிருந்து டிரைவர் பழக்க தோஷத்தில் கத்தினான்: "அண்ணே, கிட்டானிச்சிரலாமா?"

கீழ்ப்படியில் சம்பந்தியம்மா நின்றார். "அப்பிடின்னா என்ன?"

 கிட்டான் சில்லுப் போன ஓரத்தைப் பார்த்தான். அட்டை வைப்பது என்று அடித்துவிடலாம். ஆனால் நாளைக்கு மகள் தினமும் துடைக்கப்போகிற மேஜை அது.

"உடஞ்ச பக்கத்த சுவத்துப் பக்கம் திருப்பி வக்கிறதும்மா. அது... எம்பேருதான்."

சம்பந்தியம்மா அவனைப் பார்த்தார். மேஜையைப் பார்த்தார். அப்படியே படியில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"என்னங்க! இங்க வாங்க! டிவி ஸ்டாண்ட ஒடச்சு செவுத்துப் பக்கம் திருப்பி வச்சிருந்தீங்களே, காலையில நகத்துறப்போ பாத்தேன். அதுக்குப் பேரு இருக்காம்!"

பேப்பரும் கையுமாக வந்த மனிதர் பெண்டாட்டியைப் பார்க்காமல் நேரே கிட்டானிடம் ஒதுங்கினார்.

"சம்பந்தி" என்றார் ரகசியமாக. அவர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "திருப்பி வச்சா எத்தன நாளு தாங்கும்?"

"உங்களுக்கு எத்தன வருஷம் தாங்குச்சு?"

"பதினொண்ணு."

"அடேங்கப்பா! எனக்கு மொத மொத திருப்பி வச்சது அன்னிக்கு சாயங்காலமே மாட்டிக்கிச்சு சம்பந்தி" என்றான் கிட்டான்.