கேமராவுக்குக் குறுக்கே

இதை யாரும் நம்ப வேண்டும் என்பதற்காக எழுதவில்லை. நடந்தது. போன கார்த்திகை மாதம், கோமுகி அணையைத் தாண்டி கல்வராயன் மலை ஏறும் ரோட்டுக்குச் சற்று முன்னால் இருக்கிற ஒரு வீட்டில். சரியாக எந்த வீடு என்று சொல்ல மாட்டேன். அங்கே இன்னும் ஒரு பெண் குடியிருக்கிறாள். அவர்கள் வீட்டு ஆட்களின் பேரை மட்டும் மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் அப்படியே.

சென்னையில் நான்கு வருடம் நைட் ஷிப்டு பார்த்தவன் நான். ஒரு குடோனின் கேமராக்களை விடிய விடியப் பார்த்துக்கொண்டிருக்கும் வேலை. திரையில் பதினாறு கட்டம். பதினாறிலும் ஒன்றும் நடக்காது. ஒருநாள் பாதி ஷிப்டில் எழுந்து பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது கள்ளக்குறிச்சியில் கலையரசன் அண்ணன் கடையில் இருக்கிறேன். கேமரா மாட்டுவேன். வைஃபை எட்டாத இடத்துக்கு எட்ட வைப்பேன். "பேரு பகலவன், பாத்த வேல நைட் ஷிப்டு. இது எங்க உருப்படப் போவுது?" என்பார் அண்ணன். பேய், பிசாசு நம்பிக்கை எனக்குக் கிடையாது. இப்போதும் கிடையாது என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

அன்று மத்தியானம் அண்ணன் வண்டிச் சாவியைத் தூக்கிப் போட்டார்.

"அந்த அணைக்கட்டு வூட்டுக் கேமரா சாயங்காலம் ஆனா படுத்துக்குதாம். ரெண்டு பசங்க போய்ப் பாத்துட்டு வந்துட்டானுங்க, ஒண்ணும் கிழிக்கல. புருசங்காரன் குவைத்துல இருந்து கத்துறான். நீ போ."

நான் போனபோது ஐந்து மணி. சுற்றிலும் மரவள்ளிக் காடு. பக்கத்து வீடு கூப்பிடு தூரத்தில் இல்லை. கதவைத் திறந்த பெண்ணுக்கு இருபத்து நான்கு வயது இருக்கலாம். சந்தியா. கல்யாணமாகி எட்டு மாதம். கணவன் அறிவுச்செல்வன் குவைத்தில். மாமனார், மாமியார் சங்கராபுரத்தில். அவள் மட்டும் இங்கே, நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

முன்வாசலில் ஒரு கேமரா. அதில் பிரச்சினை இல்லை. இன்னொன்று பின்வாசலுக்கு எதிரே, ஒரு இரும்புக் கம்பத்தில், என் தலை உயரத்தில். அதுதான் தொல்லை.

ஏணியை இறக்கும்போது சந்தியா பக்கத்தில் வந்தாள்.

"அண்ணே, ஒண்ணு சொல்லட்டா?"

"சொல்லுங்க."

"அத நான்தான் ஆஃப் பண்றன்னு சொல்றாரு."

"ஏன் ஆஃப் பண்ணப் போறீங்க?"

"டூட்டி முடிஞ்சி அவரு போன்ல பாக்கற நேரமாப் பாத்துதான் போவுது. பத்து நிமிசம், இருவது நிமிசம். அப்ப பின்னாடி வழியா எவனோ வரானாம். நான் கேமராவ நிறுத்திட்டு..." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நாளைக்குக் காலைல எங்க மாமனாரு ஆளுங்கள இட்டுக்கினு வராரு. எங்கப்பாவையும் வரச் சொல்லிட்டாங்க. இன்னிக்கு நீங்க சரி பண்ணாதான் உண்டு. இல்லன்னா என்ன நாலு பேரு நடுவுல உக்கார வெச்சிக் கேப்பாங்க."

நான் ஆறுதல் சொல்கிற ஆள் இல்லை. "பாக்கலாம்" என்றேன்.

ரவுட்டர் கூடத்தில் ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. தூசி படக்கூடாது என்று பிளாஸ்டிக் கவர். அதன் மேல் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம், குங்குமம். பக்கத்தில் ஸ்டெபிலைசர். எங்கள் பக்கம் பாதி வீடுகளில் இப்படித்தான். கவரைக் கழற்றி, ரவுட்டரைப் பின்பக்க ஜன்னலில் வைத்தேன். கம்பத்துக்குப் போய், கேமராவுக்குப் பக்கத்தில் என் போனைப் பிடித்து சிக்னல் அளந்தேன்.

ஐம்பத்தெட்டு.

இந்த எண் ஏற ஏற சிக்னல் மோசம் என்று அர்த்தம். ஐம்பத்தெட்டு நல்ல கணக்கு. எழுபதைத் தாண்டினால்தான் படம் திக்கும். எழுபத்தைந்துக்கு மேல் போனால் நின்றுவிடும்.

பிறகு நான் எப்போதும் செய்யும் ஒரு சோதனை. ஆளைக் குறுக்கே நிறுத்திப் பார்ப்பது. மனித உடம்பில் பெரும்பங்கு தண்ணீர். வைஃபைக்குத் தண்ணீர் ஆகாது. நடுவில் ஆள் நின்றால் எண் ஏறும். நகர்ந்தால் இறங்கும்.

"தங்கச்சி, ஜன்னலுக்கும் கம்பத்துக்கும் நடுவுல கொஞ்சம் நில்லுங்க."

நின்றாள். அறுபத்தைந்து.

"போதும், போங்க."

ஐம்பத்தெட்டு.

எல்லாம் சரியாக இருந்தது. ரவுட்டரை இடம் மாற்றியதிலேயே வேலை முடிந்தது என்று நினைத்தேன். ஆனாலும் அவள் சொன்ன நேரம் வரை இருந்து பார்த்துவிடலாம் என்று கம்பத்தடியிலேயே நின்றேன். மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கினால் அந்தப் பக்கம் சட்டென்று இருட்டிவிடும். பின்வாசல் பல்பு எரிந்தது. அதன் வெளிச்சத்தில் வெறும் மண் தரை. துணி காயப்போடும் கயிறு. வேறு ஒன்றும் இல்லை.

மணி 6.38.

எண் ஏறியது. அறுபது... அறுபத்தைந்து... எழுபத்தொன்று.

போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னேன். "தங்கச்சி, குறுக்க நிக்காம கொஞ்சம் தள்ளிக்கோங்க."

எண் இறங்கவில்லை.

"தங்கச்சி..."

"இன்னாண்ணே?"

குரல் அடுப்படியிலிருந்து வந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னலுக்கும் எனக்கும் நடுவில் யாரும் இல்லை.

எண் எழுபத்தெட்டு. சந்தியா நின்றபோது ஏறியது ஏழு. இது இருபது. ஒரு ஆள் நின்றால் இவ்வளவு ஏறாது.

சந்தியா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். முன்பு நின்ற இடத்தில் மறுபடி நிற்கச் சொன்னேன். நடந்து வந்தவள் ஒரு அடி முன்னாலேயே நின்றாள்.

"இன்னும் கொஞ்சம் முன்னாடி வாங்க."

"வேணாண்ணே."

"ஏன்?"

"ஜில்லுனு இருக்குது."

அவள் கையிலிருந்த போன் அடித்தது. அவள் பேசுவதற்கு முன்பே அவன் குரல் வெளியே கேட்டது. "போச்சு பாரு! பின்னாடி கேமரா போச்சு! யாருடி அங்க?"

நான் போனை வாங்கி, ஸ்பீக்கரில் போட்டு சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். "சார், கேமரா கடையில இருந்து வந்திருக்கேன். நீங்க பாக்கற கேமரா ஆப்பைக் கொஞ்சம் மூடுங்க."

"எதுக்கு?"

"மூடுங்க சார்."

மூடினான்.

எண் மளமளவென்று இறங்கியது. ஐம்பத்தெட்டு.

"இப்ப தொறங்க."

எழுபத்தெட்டு.

"மூடுங்க."

ஐம்பத்தெட்டு.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். குவைத்தில் ஒருவன் படத்தைத் திறந்தால் படம் மெதுவாகலாம். அது நியாயம். ஆனால் இங்கே காற்றில் இருக்கும் சிக்னல் குறையாது. குறைய வழியே இல்லை. இது என் தொழில். எனக்குத் தெரியும்.

என் பையில் ஒரு ரிப்பீட்டர் இருந்தது. சிக்னலை வாங்கி வேறு திசையில் திருப்பி அனுப்பும் சின்ன டப்பா. பவர் பேங்கில் செருகி, வெளியே ஓரமாக இருந்த பாத்ரூமின் சுவர் மேல் வைத்தேன். கேமராவையும் என் போனையும் அதனுடன் இணைத்தேன். இப்போது சிக்னல் அந்த வெற்றிடத்தின் வழியாகப் போகாது. சுற்றிக்கொண்டு போகும்.

ஐம்பது.

"தொறங்க சார்."

ஐம்பது... ஐம்பது...

"வந்துடுச்சு" என்றான் அவன். "நீ நிக்கிறது தெரியுது."

சந்தியா மூச்சு விட்டது கேட்டது.

ஐம்பது... ஐம்பத்தாறு... அறுபத்து மூன்று...

நிதானமாக ஏறியது. அங்கிருந்து ஒருவர் எழுந்து இங்கே நடந்து வருகிற வேகத்தில்.

எழுபத்தெட்டு. படம் நின்றது.

டப்பாவை எடுத்துக்கொண்டு மோட்டார் கொட்டகை ஓரம் ஓடினேன். கூரையில் வைத்தேன். ஐம்பத்திரண்டு. இந்த முறை ஏற அவ்வளவு நேரம் ஆகவில்லை.

எண்பது.

தவளைச் சத்தம் அதுவரை கேட்டுக்கொண்டிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை.

"அண்ணே, வுட்டுடுங்க" என்றாள் சந்தியா. அவள் வாசற்படியை விட்டு இறங்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். டப்பாவை எடுத்தேன். கம்பத்தடிக்கு வந்தேன். இடது கையில் டப்பா. வலது கையில் போன், கேமராவை ஒட்டி. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினேன். இரண்டுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை.

இருபத்தொன்பது. இதற்கு மேல் நல்ல சிக்னல் கிடையாது.

"தொறங்க சார்."

இருபத்தொன்பது...

முப்பத்தாறு...

நான் அசையவில்லை.

ஐம்பது...

எழுபது...

எண்பத்தாறு.

என் இரண்டு கைகளுக்கும் நடுவில்.

கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் பல்பு வெளிச்சம் என் முகத்தில் விழவில்லை.

கையை மடக்க முடியவில்லை... மடக்கினால் எதையோ தொட்டுவிடுவேன் என்று தோன்றியது.

எங்கோ சொட்டுகிற சத்தம்.

சொட்...

சொட்...

மிகவும் பக்கத்தில்.

"என்னய்யா, மறுபடியும் போச்சு?" போன் ஸ்பீக்கரில் அவன் குரல். "அவ எங்க? அவளக் கூப்டு."

"சார்..." என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "அவங்க ஆஃப் பண்ணல. அவங்க வாசப்படியில நிக்கிறாங்க. நான் பாத்துக்கிட்டே இருக்கேன்."

"அப்புறம்?"

"நடுவுல யாரோ நிக்கிறாங்க சார்."

நான்கைந்து நொடி. அந்தப் பக்கம் வண்டிகள் போகும் சத்தம் மட்டும்.

பிறகு மெல்லக் கேட்டான்.

"ஈரமா இருக்காளா?"

அவன் கட் பண்ணினான்.

எண் இறங்கியது. இருபத்தொன்பது. முகத்தில் வெளிச்சம் விழுந்தது. தவளைகள் ஆரம்பித்தன. நேரம் 7.04. என் சட்டையின் முன்பக்கம் மட்டும் நனைந்திருந்தது. வேர்வை என்றுதான் சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு நல்ல குளிர்.

சந்தியா சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். என்னால் குடிக்க முடியவில்லை. அவள் போனைக் கொடுத்தேன். ரிப்பீட்டரை அங்கேயே விட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். கச்சிராயபாளையம் கடைத்தெரு வரும் வரை எங்கேயும் நிறுத்தவில்லை.

மறுநாள் பஞ்சாயத்து நடக்கவில்லை. மாமனார் வரவே இல்லை. ஒரு வாரம் கழித்து சந்தியா கடைக்கு போன் செய்தாள். அவன் அந்த ஆப்பைத் திறப்பதே இல்லையாம். அவளை ஒரு வார்த்தை கேட்பதில்லையாம். கேமரா ஒருமுறைகூட நிற்கவில்லையாம்.

"சந்தோசமா இருக்கேண்ணே" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "தனியா இருக்கிற மாதிரியே இல்ல" என்றாள்.

போனை வைத்த பிறகு கலையரசன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சந்தியா ரெண்டாந்தாரம்டா. ஒனக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"மொதல்ல கட்டனவ பேரு கோகிலவாணி. அப்பல்லாம் ஃபைபரு ஏது? அந்த வூட்டுக்கு டவர் கெடைக்கிற ஒரே எடம் காட்டுக் கோடில இருக்கிற கெணத்து மேடு. தெனம் சாயங்காலம் அவன் டூட்டி முடிச்சி வீடியோ கால் போடுவான். இவ அங்க நின்னு போன சுத்திச் சுத்திக் காட்டணும். மரத்தாண்ட காட்டு, கொட்டாயாண்ட காட்டு, பின்னாடி எவன் நிக்கிறான் காட்டுன்னு. ரெண்டு வருசம்."

"அப்புறம்?"

"கெணத்துல வுழுந்துட்டா. கால் வழுக்கிடுச்சின்னு சொல்லி முடிச்சிட்டாங்க. எடுத்தது எங்க மச்சான் கொளஞ்சியப்பன்தான். அந்தப் பக்கம் ஆடு மேய்க்கிறவன்."

அண்ணன் குரலைத் தாழ்த்தினார்.

"ஆட்டப் பட்டியில அடைக்கப் போவும்போதே கெணத்து மேட்டுல ஒரு வெளிச்சம் பாத்திருக்கான். அடைச்சி, தண்ணி காட்டி, திரும்பி வரப்பவும் அதே வெளிச்சம். அசையவே இல்லியாம். இன்னாடா இதுன்னு கிட்டப் போய்ப் பாத்தா, போன கல்லு மேல சாச்சி வெச்சிருக்கா. கெணத்தப் பாத்தாப்புல."

"போன் மட்டுமா?"

"போன் மட்டும். கால் கட் ஆவல. எடுத்துத் திருப்பிப் பாத்திருக்கான். அதுல குவைத்துக்காரன் மொகம்."

அண்ணன் ஒரு முறை ஷட்டர் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"அழுவல. கத்தல. யாருக்கும் போன் பண்ணிச் சொல்லல. அவ்ளோ நேரமும் கெணத்துக்குள்ள தண்ணில கையத் தட்டிக்கினு கெடந்திருக்கா. அவன் பாத்துக்கினே இருந்திருக்கான்."